காதில் விழாத வேலை

(போடிமெட்டில் நூலக வாசகர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் ஒரு பக்கம், பூப்பாறை, சூரியநெல்லி, தேவிகுளத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பழைய சுவிஸ் இசைப்பெட்டி என்று தலைப்பைப் பார்த்ததும், ஏலக்காய்க்கும் கொழுந்துக்கும் நடுவில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும்.

சுவிட்சர்லாந்து இந்த மலைக்குப் புதிய ஊர் அல்ல. மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டியில் 1963இல் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கியது. அங்கிருந்து வந்த பிரவுன் சுவிஸ் இனத்தை நம் நாட்டு மாட்டோடு சேர்த்துத்தான் சுனந்தினி என்ற மாட்டினம் உருவானது. கேரளத்தில் அந்த மாட்டின் பாலைக் குடிக்காதவர்கள் குறைவு. அந்த மாடு வந்த நாட்டில், மாடு மேய்க்க முடியாத பனிமாதங்களில் மலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் செய்த வேலைகளில் ஒன்றுதான் இசைப்பெட்டி.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மேசைமேல் நான் வைத்திருப்பது பழம்பொருள் அல்ல. 18 பல் கொண்ட சாதாரண இயந்திரம். மூடியைத் திறந்தால் பொம்மை சுற்றும் நகைப்பெட்டிக்குள் இருப்பது இதுதான். இதைக் கையில் தூக்கிப் பிடித்து இயக்குகிறேன். கேட்கிறதா? முன்வரிசைக்கு மட்டும் லேசாகக் கேட்டிருக்கும். இப்போது மேசைப் பலகைமேல் அழுத்தி வைக்கிறேன். பின்வரிசை வரை போகிறது அல்லவா? எஃகு நாதத்தைத் தொடங்கி வைக்கிறது. நமக்குக் கேட்கும்படி செய்வது மரம். வீணைக்குப் பலாமரத்தில் குடம் குடைவது எதற்காகவோ, இசைப்பெட்டிக்கு மரப்பெட்டி அதற்காகத்தான்.

உள்ளே முக்கியமாக இருப்பவை நான்கு உறுப்புகள். சாவி கொடுத்தால் இறுகும் ஸ்பிரிங். அது விரியும்போது சுற்றும் பித்தளை உருளை. உருளைமேல் நட்ட முட்கள். அந்த முட்கள் மீட்டும் எஃகுச் சீப்பு. சீப்பின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுரம். முள் பல்லைத் தூக்கி விடுகிறது, பல் அதிர்கிறது, சுரம் பிறக்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சீப்புக்கு முன்னும் இயந்திர இசை உண்டு. சிறு மணிகளைச் சுத்தியல்கள் தட்டும் கடிகாரங்கள் இருந்தன. நம் பக்கத்தில் திப்பு சுல்தானின் மரப்புலியை அறிவீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், அதன் பிடியில் கிடப்பவன் அலறுவான், உள்ளே குழல்களில் காற்று பாயும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைக்குப் போய், இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் மணிக்கும் குழலுக்கும் இடம் வேண்டும். சட்டைப்பைக் கடிகாரத்துக்குள் எத்தனை மணியை அடைப்பது?

அதற்கு வழி சொன்னவர் ஜெனீவாவின் அந்துவான் ஃபாவ்ர் என்ற கடிகாரக்காரர். மணியும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம், எஃகு நாக்குகளை மீட்டியே பாட வைக்கலாம் என்று 1796இல் அந்நகரின் கலைச் சங்கத்தின் முன் அவர் செய்துகாட்டினார்.

எஃகு நாக்கை மீட்டிச் சுரம் எழுப்புவது நமக்கு ஆச்சரியமான செய்தி அல்ல. கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் மோர்சிங் வாசிப்பவரைப் பாருங்கள். இரும்பு வளையம், நடுவே ஒரு நாக்கு, விரலால் மீட்டல், வாய்தான் பெட்டி. மோர்சிங்கின் சுருதியைக் குறைக்க நாக்கின் நுனியில் துளி மெழுகு ஒட்டுவார்கள். நுனி கனத்தால் அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும். சுவிஸ்காரர் மந்தரப் பற்களின் அடியில் ஈயம் வைத்ததும் இதே விதிப்படிதான். நுனியை அராவினால் சுருதி ஏறும், அடியை அராவினால் இறங்கும். இதுவும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. மோர்சிங்குக்கு ஒரு நாக்கு. பெரிய இசைப்பெட்டியின் சீப்பில் நூறு பல்கூட இருக்கும். அத்தனையும் தமக்குள் சுருதி சேர வேண்டும்.

இனி, ஜூரா மலைத்தொடரில் உள்ள சான்த் குருவா என்ற ஊருக்குப் போவோம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் சிற்றூர். நம் போடிமெட்டைப் போல அதுவும் எல்லை ஊர். சற்றே தள்ளிப் பிரான்ஸ். நீண்ட குளிர்காலம், நிலம் பனிக்கு அடியில். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வீட்டுக்கு வீடு லேஸ் எனும் பூவேலை நூற்பின்னல் நடந்தது. பிறகு கடிகார உறுப்புகள் செய்தார்கள். 1810களில் இசைப்பெட்டி வந்து சேர்ந்தது. நூலைப் பின்னிப் பழகிய விரலும் கடிகாரத்தில் பழகிய கண்ணும் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தன.

ஒரு பெட்டி எப்படி உருவாகிறது? பாட்டை முதலில் ஒருவர் சீப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவார். எந்தச் சுரம் எந்தக் கணத்தில் என்று உருளைமேல் புள்ளி குறிப்பது அடுத்தவர் வேலை. புள்ளி இருக்கும் இடத்தில் எல்லாம் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மயிரிழை போன்ற எஃகு முள்ளைச் செருக வேண்டும். ஓர் உருளைக்குச் சில ஆயிரம் முட்கள். இந்த முள் நடும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். பலர் வீட்டிலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், எண்ணிக்கைக் கூலிக்குச் செய்தார்கள்.

முள் நட்ட உருளை உள்ளே கூடுதான். அப்படியே விட்டால் முட்கள் ஆடும், உருளை தகரம்போல ஒலிக்கும். ஆகவே பிசின் கலவையைச் சூடாக உள்ளே விட்டு, உருளையைச் சுழற்றி, உட்சுவர் முழுவதும் படியச் செய்து இறுக விடுவார்கள். கெட்டியில்லாத தங்க நகைக்குள் நம் ஆசாரி அரக்கு அடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா முட்களையும் ஒரே உயரத்துக்குத் தேய்த்து, சாய்ந்திருப்பதை ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்கள். முள் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் சுரம் முந்தும் அல்லது பிந்தும். அந்த மலையில் தாளம் தவறாமல் காத்தது ஒரு சின்ன இடுக்கி.

சீப்பு தனிக்கதை. ஆரம்பத்தில் பற்களைச் சிறு துண்டுகளாகச் செய்து பக்கம் பக்கமாக முடுக்கினார்கள். பிறகு ஒரே எஃகுத் தகட்டில் எல்லாப் பல்லையும் அறுத்தெடுக்கக் கற்றார்கள். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த வேலை புரியும். பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். பதம் மிஞ்சினால் பல் ஒடியும். குறைந்தால் வளையும், நாதம் நிற்காது.

இவ்வளவும் ஆனபின் பெட்டியை ஓட்டினால் என்ன கேட்கும் என்று நினைக்கிறீர்கள்? பாட்டு கேட்கும், கூடவே கீச்சென்று ஓர் இரைச்சலும் கேட்கும். காரணம் எளிது. ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது என்று வையுங்கள். முதல் மீட்டலில் பல் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் அடுத்த முள் வந்து தொடுகிறது. அதிரும் எஃகும் அசையாத எஃகும் உரசினால் சங்கீதமா வரும்?

இதற்குத்தான் ஒவ்வொரு பல்லின் நுனிக்கு அடியிலும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை வளைத்துப் பொருத்தினார்கள். அதை அடக்குக்கம்பி என்று சொல்லிக்கொள்வோம். வரும் முள் முதலில் அந்தக் கம்பியைத் தொடும். கம்பி பல்லின் அதிர்வை நிறுத்தும். அதன் பிறகே முள் பல்லைத் தூக்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். கம்பி ஒரு துளி நெருங்கினால் சுரமே எழும்பாது. ஒரு துளி விலகினால் கீச்சொலி. தாரத்தில் உள்ள சிறு பற்களுக்குக் கம்பியும் கனம் என்று பறவை இறகின் இழையை ஒட்டினார்கள். அதற்கும் மேலே உள்ள கடைசிப் பற்களில் அதிர்வு தானே அடங்கிவிடும். அவற்றுக்கு ஒன்றும் வேண்டாம்.

இன்று நான் சொல்ல வந்தது இந்தக் கம்பியைப் பற்றித்தான். சுரம் எழுப்பும் வேலை முள்ளுக்கும் பல்லுக்கும். அந்தச் சுரத்தைப் பாட்டாக்கும் வேலை இந்தக் கம்பிக்கு. அது சரியாக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே கேட்பவருக்குத் தெரியாது. பழுதுபட்டால் மட்டுமே தெரியும். இசைப்பெட்டியின் நுட்பம் அதிகமும் இப்படிக் காதில் விழாத இடங்களில்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு சொல்கிறேன். ஓர் உருளையில் ஒரு பாட்டுதான் என்று நினைக்க வேண்டாம். ஆறு, எட்டு, பன்னிரண்டு பாட்டுகூட இருக்கும். எல்லாப் பாட்டின் முட்களும் ஒரே உருளைமேல் கலந்து நிற்கின்றன. ஒரு சுற்று முடிந்தால் ஒரு பாட்டு முடிந்தது. அப்போது படிப்படியாக வெட்டிய ஒரு சக்கரம் உருளையை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பக்கவாட்டில் தள்ளும். முந்தைய பாட்டின் முட்கள் பற்களின் இடைவெளிக்கு நழுவும். அடுத்த பாட்டின் முட்கள் பற்களுக்கு நேரே வரும். இந்தப் பாட்டு ஒலிக்கும்போது மற்ற பாட்டுகள் எல்லாம் வாய் பொத்தி நிற்கின்றன.

இரண்டாவது, வேகம். ஸ்பிரிங் முழுதாக இறுகியிருக்கும்போது வலு அதிகம், தளரத் தளரக் குறைவு. ஆனால் பாட்டின் காலப்பிரமாணம் மாறக் கூடாது. உருளையின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வழியே கொண்டுபோய், கடைசியில் ஒரு சிறு விசிறியை மிக வேகமாகச் சுற்றவிட்டார்கள். வேகம் கூடினால் விசிறிக்குக் காற்றின் எதிர்ப்பும் கூடும்; அதனால் ஓட்டம் ஏறத்தாழச் சீராகும். ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது இந்த விசிறியைக் கழற்றினால் தடுப்பார் இல்லாமல் உருளை வெறிகொண்டு சுழலும். சில நொடியில் முட்கள் வளைந்து பற்கள் உடைந்து தெறிக்கும். பழைய பெட்டி யார் வீட்டிலாவது இருந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். சாவி கொடுத்த நிலையில் திருப்புளி எடுக்காதீர்கள். பாட்டு பாதியில் நிற்கும்போது பெட்டியை இடம் மாற்றாதீர்கள். முள்ளும் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கும்.

நம் சங்கீதத்துக்கு இந்தப் பெட்டி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். சீப்பின் பல்லுக்கு ஒரே ஓர் இடம்தான். அசைக்க முடியாது, இழுக்க முடியாது. கமகம் இல்லாமல் ஒரு தோடியையோ பைரவியையோ நினைத்துப் பாருங்கள். வீணையில் மேளம் கட்டுகிறவர் மெழுகில் 24 மெட்டுகளையும் காதால் நிறுத்தி வைக்கிறார். ஆனாலும் மெட்டின்மேல் தந்தியை இழுத்து மேல் சுரத்தைத் தொட வாசிப்பவருக்கு இடம் விட்டிருக்கிறார். இசைப்பெட்டி அந்த இடத்தை விடுவதில்லை. எல்லாம் செய்தவரே முடிவு செய்துவிட்டார்.

இருந்தாலும் நம்மிடம் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜெனீவாவில் ஃபாவ்ர் எஃகு நாக்கை மீட்டிக் காட்டிய காலத்தில், சென்னைக்கு அருகே மணலியில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. கோட்டையில் ஆங்கிலேய பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட தீட்சிதர், அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரங்கள். சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல், நேரான சுரங்கள். அவற்றில் ஒன்றை உருளையில் முள்ளாக நட்டால் சீப்பு தடுமாறாமல் பாடும். ஐரோப்பாவின் மெட்டைத் தம் தெய்வங்களுக்குச் சூட்டிப் பார்த்தவர் அவர். சுவிஸ் பெட்டி ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

மீண்டும் ஜூரா மலைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு அடி விழுந்தது. முதல் அடி ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலிருந்து. 1880களின் நடுவில் பவுல் லோக்மன் என்பவர் உருளைக்குப் பதில் உலோகத் தட்டைக் கொண்டுவந்தார். தட்டை அச்சில் அடித்துக் குவிக்கலாம். பாட்டு சலித்தால் பெட்டியை அல்ல, தட்டை மாற்றினால் போதும். முள் நடும் பெண்ணே தேவையில்லை. இரண்டாவது அடி இன்னும் பெரியது. 1877இல் எடிசன் ஒலியைப் பதிந்து திருப்பிக் கேட்க வைத்திருந்தார். அந்தக் கருவி வளர்ந்து வீடுகளுக்கு வந்ததும் மனிதக் குரலே பெட்டிக்குள்ளிருந்து பாடியது. சீப்பின் இசையை யார் கேட்பார்கள்?

அந்த ஊர் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1883இல் ஹெர்மன் டோரன்ஸ் அங்கே தொடங்கிய இசைப்பெட்டிப் பட்டறை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனோகிராஃப் செய்ய ஆரம்பித்தது. 1957இல் அதே பெயரில் வந்த டிடி 124 என்ற இசைத்தட்டுச் சுழலியை இன்றும் ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். 1814 முதல் இசைப்பெட்டி செய்த பையார் நிறுவனம் கிராமபோனுக்கு மாறியது. பிறகு ஹெர்மஸ் தட்டச்சு இயந்திரம், போலெக்ஸ் சினிமா கேமரா என்று போனது. சாவி கொடுத்து ஓட்டும் 16 மில்லிமீட்டர் போலெக்ஸ் கேமரா 1935இல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாவி கொடுக்கும் கிராமபோனுக்கு என்ன தேவை? இறுகி விரியும் ஸ்பிரிங், வேகத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு. சாவி கொடுக்கும் கேமராவுக்கும் அவையே தேவை. அதாவது, இசைப்பெட்டியில் பாடிய பகுதி, அந்தச் சீப்பும் முட்களும், சந்தையில் தோற்றுப்போனது. பாடாத பகுதி ஊரைக் காப்பாற்றியது. வெளியே தெரிந்த சரக்குக்கு மவுசு போனாலும், உள்ளே ஊமையாக இருந்த கைத்திறன் வேறு சரக்குக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது.

பின்னாளில் அந்தத் தொழிற்சாலைகளும் சுருங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் நாகானோ மலைப்பகுதியில் தொடங்கிய சாங்க்யோ நிறுவனம் சிறு இசை இயந்திரங்களை லட்சக்கணக்கில் செய்து உலகச் சந்தையைப் பிடித்தது. சான்த் குருவாவில் 1865இல் தொடங்கிய ரூஜ் மட்டும் உயர்தரப் பெட்டிகளை இன்னும் செய்கிறது. 1985இல் ஊரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். 2020இல் ஜூரா மலையின் இயந்திரக் கடிகாரத் தொழிலையும் கலை இயந்திரத் தொழிலையும், சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து கேட்டதன் பேரில், யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறியது பெட்டி அல்ல. செய்யத் தெரிந்த அறிவு.

பழைய பெட்டியின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் அழகான எழுத்தில் பாட்டுகளின் பட்டியல் ஒட்டியிருக்கும். சிலவற்றில் செய்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். ஜெனீவாவின் நிக்கோல் சகோதரர்கள் பெயர் இருந்தால் ஏலத்தில் மதிப்பு கூடும். முள் நட்ட பெண்ணின் பெயர் எங்கும் இருக்காது. சீப்பைக் கழற்றிப் பார்க்கும் பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டும் சில சமயம் அடிப்பக்கத்தில் கீறிய எண்ணோ எழுத்தோ தென்படும். வாங்குகிறவருக்காகக் கீறியதில்லை, பட்டறையில் அடுத்த கைக்குச் சொன்ன குறிப்பு.

நம் மலைக்கு இதில் என்ன இருக்கிறது? மூணாறு நல்லதண்ணியில் 2005இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1913இல் தமிழ்நாட்டின் நாசரேத் கைத்தொழில் பள்ளியில் செய்தது. பள்ளியின் பெயரும் ஆண்டும் நமக்குத் தெரியும். அந்தக் கோடுகளை வெட்டிய கையைத் தெரியாது. தேயிலை உருட்டிய பழைய இயந்திரங்கள் இருக்கின்றன. இலை வாடிய பதத்தை உள்ளங்கையால் சொன்னவர்களின் அறிவு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாதது.

காலையில் தேனிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் இந்த மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு சரத்தில் எந்தக் காய் முற்றியது, எதை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும் என்று நின்று யோசிக்காமல் அவர்கள் விரல் முடிவு செய்கிறது. காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்ததைக் குலுக்கிப் பார்த்தே பதம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போடியில் எட்டு மில்லிமீட்டர் காயைச் சல்லடை பிரிக்கும். நிறம் மங்கியதையும் வெடித்ததையும் பிரிப்பது கண். இதில் எதற்கும் பாடப்புத்தகம் கிடையாது. ஏலக்காய்ப் பையில் விலாசம் இருக்கும், இந்தக் கைகளைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கைக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி இறங்குவது எளிது. நான் கேட்பது அதைவிடச் சின்ன காரியம். சுவிஸ் மலைக்காரர்கள் பெட்டியைப் பாதுகாத்ததோடு, அதை எப்படிச் செய்வது என்பதையும் கைமாற்றிக் காத்தார்கள். அப்படி இருந்ததால்தான் அந்தத் திறன் ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குப் போக முடிந்தது. ஏலத்துக்கு விலை விழும் ஆண்டும் வரும், இயந்திரம் வரும் ஆண்டும் வரும். அன்றைக்கு இந்த மலையில் மிஞ்சப்போவது விரலுக்குத் தெரிந்த விஷயம். அதை இப்போதே கேட்டு, தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, குரலாகவும் பதிந்து இந்த நூலகத்தில் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கைப்பேசியும் போதும்.

இனி கேள்வி நேரம். வழக்கப்படி என்னிடம் கேட்பீர்கள். அதற்கு முன் ஒன்று செய்வோம். கடைசி வரிசையில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கும் அக்காமார் சிலர் இருப்பதாகச் சொன்னார்கள். வெடித்த காயை விளக்கு மங்கலான அறையில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? முதல் கேள்வி என்னுடையது. ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள்.